புறப்பாட்டின் நிறம்

“செத்துதான் போச்சா, இல்ல மயங்கிக் கிடக்கா?”

“அக்கா, சாப்பாட்டு டப்பாக்குள்ள போட்டு மூடி எடுத்துட்டு வந்திருக்க. மயக்கமா இருந்திருந்தாலும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.”

“மூடியைக் கொஞ்சம் திறந்துதான்டி வச்சிருந்தேன். பஸ்ல பக்கத்து சீட்டு ஆளு எட்டி எட்டிப் பார்த்துட்டே வந்தான். பச்சையா தெரியவும் கீரைன்னு நினைச்சிருப்பான்.”

“சரி, டப்பாவைக் கழுவித் தர்றேன்.”

“வேணாம் தாயே. இனிமே அதுல என்னால ஒரு வாய் சாப்பிட முடியாது. நீயே வச்சுக்க.”

தங்கை டப்பாவை ஜன்னலோரம் கொண்டுபோனாள். வயது முப்பதை நெருங்கிவிட்டது. ஆனாலும் அக்காவுக்கு அவள் இன்னும் பொடிசுதான். அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அக்காவைத் தவிர ஆளும் இல்லை.

டப்பாவுக்குள், அக்காவின் கைக்குட்டைமேல், ஒரு புல்கிளி மல்லாந்து கிடந்தது. குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. முதுகு புல் நிறம். நெற்றியில் யாரோ மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டதுபோல ஒரு நீலக் கோடு. கூட்டமாகத் தரையில் மேய்ந்துகொண்டிருக்கும்போது பார்த்தால் காற்றில் புல்தான் நகர்கிறது என்று தோன்றும், வயிறு கண்ணில் படாது. குளிர்காலம் முழுக்க இந்தக் கரையின் உப்புப் புல்வெளிகளில் கிடந்துவிட்டு, காற்று திசை மாறியதும் கடலைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடும். அங்கேதான் முட்டையிடும். இவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு, நடுவில் உட்கார ஒரு கிளை கூட இல்லாத கடலை அது எப்படித் தாண்டுகிறது என்பது பொடிசுக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

“எங்க கிடந்துச்சு?”

“எங்க கண்ணாடிச் சுவர்லதான். நான் அறிவிப்பு சொல்லிட்டிருக்கேன், டப்புனு ஒரு சத்தம். சுவர்ல வானம் அப்படியே தெரியுதில்ல, அதுக்கு என்ன தெரியும் பாவம்.”

அக்கா படகுத்துறையில் அறிவிப்பாளர். எந்தக் கப்பல் எந்தக் கடற்பாலத்திலிருந்து கிளம்புகிறது, யார் வரிசைக்கு வர வேண்டும், யாருடைய குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்பதையெல்லாம் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஊருக்கே சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டுத் தூக்கம் கலைந்தவர்கள், அழுதவர்கள், கடைசி நிமிடத்தில் மனசு மாறித் திரும்பிப் போனவர்கள் ஏராளம். அக்கா மட்டும் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை.

பொடிசு கிளியை உள்ளங்கையில் வைத்து, வயிற்று இறகுகளை வாயால் மெல்ல ஊதி விலக்கினாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆரஞ்சா?”

“மஞ்சள்.”

“நல்லாப் பாரு. விளக்கைப் போடவா?”

“எத்தனை விளக்கு போட்டாலும் மஞ்சள் மஞ்சள்தான்கா.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு நிறத்தில்தான் அந்த வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். புல்கிளி என்றால் ஒரே இனம் என்றுதான் எல்லாரும் எழுதி வைத்திருந்தார்கள். பொடிசு அருங்காட்சியகத்துப் பறவைப் பிரிவில் தற்காலிக வேலையில் சேர்ந்து, யாரும் பல காலமாகத் திறக்காத இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தபோது, பாடம் செய்து அடுக்கியிருந்த புல்கிளிகளில் ஒரு பாதிக்கு வயிறு ஆரஞ்சாக இருந்தது. இன்னொரு பாதிக்கு வெளிர்மஞ்சள். காலில் கட்டிய சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். ஆரஞ்சு வயிறெல்லாம் இந்தக் கரையில் பிடித்தவை. மஞ்சள் எல்லாம் அக்கரையில் பிடித்தவை. ஒன்றுகூடப் பிசகவில்லை. அப்படியென்றால் இங்கே குளிரைக் கழிக்கும் ஆரஞ்சு வேறெங்கோ போகிறது, அக்கரையில் இருப்பது வேறு கிளி. அன்றைக்கு அவள் வீட்டுக்குத் தரையில் கால் பாவாமல்தான் வந்தாள். ஒன்று இல்லை, இரண்டு! யாரும் பெயர் வைக்காத ஒரு கிளி இத்தனை காலம் இழுப்பறைக்குள் மல்லாந்து படுத்துக் காத்திருந்திருக்கிறது.

பருவம் முடிவதற்குள் பறவை நிபுணர் குழு கூடும். புது இனம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் பொடிசின் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பருவத்தோடு வேலையும் முடிந்தது. அதற்கிடையில் அக்கரைத் துறைமுகத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்திருந்தது. யாரோ பயணம் போனவர் அவள் குரலைக் கேட்டுவிட்டு அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். பெரிய துறைமுகம், கூடுதல் சம்பளம், தங்க இடம்.

“உனக்கு வேலை நிலைச்சுதுன்னா நான் எங்கயும் போகல,” என்று அக்கா அப்போதே சொல்லிவிட்டாள். “ரெண்டு சம்பளத்துல இங்கயே ஓட்டிடலாம். உனக்கு இல்லேன்னு ஆயிட்டா, நான் போய்த்தான் ஆகணும். வேற வழியில்ல.”

ஆக, கிளி இரண்டானால் அக்கா இருப்பாள். கிளி ஒன்றானால் அக்கா போய்விடுவாள்.

“இந்தக் கரையில ஆரஞ்சுதான் இருக்கும்னு சொன்னியே,” என்றாள் அக்கா. “இது இங்க செத்தது. ஆனா மஞ்சளா இருக்கே?”

பொடிசு கிளியின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தாள். விரலடியில் கிளியின் தோல் மெத்தென்று இருந்தது.

“வழி தவறி வந்திருக்கும்கா. அக்கரைக் கிளி. எங்கயும் ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்ல.”

“இருக்கும் இருக்கும்,” என்றாள் அக்கா, ரொம்ப வேகமாக.

*

“வா வகையம்மா. இன்னிக்கு என்ன சமையல்?”

“கிளி.”

“அய்யோ, நான் சைவம்,” என்றார் பஞ்சு.

அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்பவர் அவர்; கிளிகளை வகை பிரிக்கும் பொடிசுக்கு ‘வகையம்மா’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். தோலை உரித்து, சுத்தம் செய்து, உள்ளே பஞ்சை அடைத்து, தைத்து, இறகுகளைக் கோதி, தூங்குகிற மாதிரி படுக்கவைப்பது அவர் வேலை. வேலைதான் பெயராகிவிட்டது. சட்டைப் பையிலும் காதோரத்திலும் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு இருக்கும். மின்விசிறியைப் போட்டால் அந்த அறையில் பனி பெய்யும்.

அவர் கத்தியை வைத்து வயிற்றைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“பாரேன். இத்தனூண்டு உடம்புல இவ்வளவு கொழுப்பு! இவனை எவன் இப்படித் தீனி போட்டு வளர்த்தான்?”

தோலுக்கடியில் வெண்ணெய் பூசினாற்போல மஞ்சள் வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருந்தது. கழுத்துக் குழியில், விலா ஓரத்தில், வயிறு முழுக்க. பஞ்சு மொட்டைக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார்.

“தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்கு. முழுசா எடுக்கணும்னா பொழுது சாயற வரைக்கும் உட்காரணும். என்ன சொல்ற?”

பொடிசு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சாக இருந்திருந்தால் தானே பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல், கடைசித் துளி வரைக்கும் எடுக்கச் சொல்லியிருப்பாள்.

“விடுங்கண்ணே. மஞ்சள்தானே. இதை யாரும் பெரிசா பார்க்கப் போறதில்ல.”

“நீ சொன்னா சரி.”

அவர் பஞ்சை அடைத்துத் தைத்தார். அவள் காலில் சீட்டு கட்டினாள். இடம்: படகுத்துறை, கண்ணாடிச் சுவர். கொண்டுவந்தவர்: அறிவிப்பாளர். குறிப்பு: வழி தவறி வந்தது. பிறகு மஞ்சள் தட்டில், அக்கரைக் கிளிகளின் வரிசைக் கடைசியில், அதைப் படுக்கவைத்து இழுப்பறையைச் சாத்தினாள். அந்துருண்டை வாசனை ஒரு முறை எழுந்து அடங்கியது.

*

அதன் பிறகு வந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. வெயில் ஏறியது. பறவைப் பிரிவின் நீண்ட அறையில் மதியங்கள் தேன் மாதிரி மெதுவாக வழிந்தன. பொடிசு புது இனத்துக்கான விவரணையை எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். ‘வயிற்றின் நடுவில் ஆரஞ்சு, ஓரங்களில் கரைந்து மறையும்’ என்ற வரியை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். ஓரங்களில் கரைந்து மறையும். அது எந்தக் கிளியும் கேட்காமலே கிடைத்த தாலாட்டு மாதிரி இருந்தது.

கனவில் இழுப்பறைகள் கடலில் மிதந்தன. ஒவ்வொன்றாக அவள் நீந்திப்போய் இழுத்தாள். உள்ளே கிளிகளுக்குப் பதில் தண்ணீர். தண்ணீருக்கடியில் அக்காவின் குரல், ஏதோ கப்பலின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் கேட்கவில்லை. விழித்துப் பார்த்தால் அடுப்படியில் அக்கா பாடிக்கொண்டிருப்பாள். பொதுவாக அக்கா பாடுகிற ஆள் இல்லை. வெயிலுக்கு மனசு லேசாயிருக்கும் என்று பொடிசு நினைத்துக்கொண்டாள்.

அக்கா தலைமுடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தாள். வெயிலுக்கு நல்லது என்றாள். பழைய கோட்டை எடுத்து எல்லாப் பொத்தான்களையும் மறுபடி இறுக்கித் தைத்தாள். சும்மா இருந்தேன், கை அரித்தது என்றாள். அடுப்பு பற்றிக்கொள்ளாவிட்டால் எந்தப் பக்கம் தட்ட வேண்டும், குளியலறைக் குழாய் முனகினால் எதைத் திருக வேண்டும் என்று பொடிசைக் கூப்பிட்டுக் காட்டினாள். “எல்லாத்துக்கும் நானே வரணுமா?” என்று அலுத்துக்கொண்டாள். பொடிசு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

குழு கூடப்போகும் வாரத்தில், கடைசியாக ஒரு முறை சிறகுகளை அளந்துவிடலாம் என்று மஞ்சள் தட்டை வெளியே இழுத்தாள். வரிசைக் கடைசியில் ஒரு ஆரஞ்சு வயிறு படுத்திருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“பஞ்சண்ணே! இங்க வாங்க. தட்டை மாத்தி வச்சது யாரு?”

பஞ்சு வாசலில் வந்து நின்றார். “உன் தட்டைத் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்னு நீதானே சொல்லி வச்சிருக்க.”

“அப்ப இது எப்படி இங்க வந்துச்சு?”

“கிளிதானே, பறந்து வந்திருக்கும்.”

“விளையாடாதீங்க. எத்தனை நாளா பிரிச்சு அடுக்கி வச்சிருக்கேன், யாரோ பொறுப்பில்லாம…” என்று சொல்லிக்கொண்டே அவள் அந்தக் கிளியை எடுத்துச் சீட்டைத் திருப்பினாள்.

அவளுடைய கையெழுத்துதான். படகுத்துறை, கண்ணாடிச் சுவர். வழி தவறி வந்தது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு துணுக்குப் பஞ்சு இறங்கி வந்து கிளியின் நீலக் கோட்டின்மேல் உட்கார்ந்தது.

“என்னம்மா?” என்றார் பஞ்சு.

“அண்ணே, இது மஞ்சளாத்தானே இருந்துச்சு?”

“வெளிர்மஞ்சள். எலுமிச்சம்பழத் தோல் மாதிரி. நான்தானே தைச்சேன்.”

அவள் மேசைக்குப் போய், பஞ்சைக் கறை எடுக்கும் கரைப்பானில் நனைத்து, வயிற்று இறகு ஒன்றைப் பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெல்லத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பஞ்சில் ஆரஞ்சு வந்தது. இறகில் மஞ்சள் திரும்பியது. பிறகு ஆரஞ்சுத் தட்டிலிருந்து, இத்தனை காலம் காத்திருந்த அந்தப் பெயரில்லாத கிளிகளில் ஒன்றை எடுத்தாள். துடைத்தாள். பஞ்சில் ஆரஞ்சு, இறகில் மஞ்சள். இன்னொன்று. இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் அதே எலுமிச்சம்பழத் தோல்.

அது நிறம் இல்லை. கொழுப்பு. தோலில் தங்கிய கொழுப்பு மெல்ல மெல்லக் கசிந்து, காற்றுப்பட்டுப் பழுத்து, இறகில் ஏறிய கறை.

ஏன் இந்தக் கரைக் கிளிகள் மட்டும் என்ற கேள்விக்கு, கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. புல்கிளி குளிரெல்லாம் இங்கே தின்கிறது. கடலைத் தாண்டுவதற்கான பலம் அவ்வளவும் தோலுக்கடியில் சேர்கிறது. அப்படிச் சேர்ந்து கிளம்பத் தயாரான நேரத்தில்தான் இந்தக் கரையில் அதைப் பிடித்திருக்கிறார்கள். அக்கரையில் இறங்கும்போது அத்தனையும் கரைந்து, இறகும் எலும்புமாக இறங்குகிறது. அங்கே பிடித்ததில் கசிய ஒன்றும் இல்லை. ஆரஞ்சு என்பது வேறு ஒரு கிளி அல்ல. அதே கிளி. புறப்பட இருந்த கிளி.

உயிரோடு இருக்கும்போது யாரும் அந்த ஆரஞ்சைப் பார்த்திருக்கவே முடியாது. அது இழுப்பறைக்குள் மட்டும் பூக்கிற நிறம். போக முடியாமல் போன பயணம், இருட்டில், மெதுவாக வெளியே வந்திருக்கிறது.

பஞ்சு அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டு நிலவரம் அவருக்கும் தெரியும்.

“எனக்கு வயசாச்சு,” என்றார். “ஆரஞ்சு எது மஞ்சள் எதுன்னு கண்ணு சரியாத் தெரியறதில்ல. நீ எதைச் சொல்றியோ அதான்மா எனக்கும்.”

சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

*

அந்தப் பஞ்சுத் துணுக்கை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பொடிசு கடற்கரைச் சாலை வழியாக நடந்தாள். ஒலிபெருக்கியிலிருந்து அக்காவின் குரல் காற்றில் வளைந்து வளைந்து வந்தது. கவனிக்கவும். அக்கரை செல்லும் கப்பல் புறப்படத் தயாராக உள்ளது. புறப்படத் தயாராக உள்ளது.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? குழு சீட்டுகளைப் பார்க்கும், தட்டுகளைப் பார்க்கும், இரண்டு நிறங்களையும் பார்க்கும். யாரும் துடைத்துப் பார்க்கப் போவதில்லை. கிளி எழுந்து வந்து சாட்சி சொல்லப்போவதும் இல்லை. அக்காவின் கிளியை மட்டும் ஆரஞ்சுத் தட்டுக்கு மாற்றிச் சீட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். அக்கா இருப்பாள். அதே அடுப்படி, அதே சண்டை, அதே ‘பொடிசு’. ஒரு பொய், அதுவும் சும்மா இருப்பதால் மட்டுமே உண்டாகிற பொய், ஒரு வீட்டையே தாங்கும் என்றால் தாங்கட்டுமே.

சாலை முடியும் இடத்தில் ஒலிபெருக்கியில் வேறு யாரோ பேச ஆரம்பித்திருந்தார்கள். பொடிசு உப்புப் புல்வெளி ஓரத்துக் கல் ஒன்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பச்சை நகர்ந்துகொண்டே இருந்தது, கிளியா காற்றா என்று தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் முடிவு செய்திருந்தாள். பேசப்போவதில்லை.

கதவுக்கு வெளியே நின்று சாவியைத் தேடும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். அடுப்படியிலிருந்து ஜன்னல் வரை. ஒரு திரும்பல். ஜன்னலிலிருந்து அடுப்படி வரை. கூடவே அக்காவின் குரல், மைக்கில் பேசுகிற குரல். ஆனால் அவள் சொன்னது இங்கே இருக்கிற இடங்களின் பெயர்கள் இல்லை. அக்கரையின் துறைகள், அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோல நாக்கைக் கொஞ்சம் மடித்து. ஒரு பெயரில் தடுக்கி, தனக்குத்தானே சிரித்து, மறுபடி முதலிலிருந்து.

பொடிசு கதவைத் திறந்தாள்.

“ஐயோ! தட்டிட்டு வரமாட்டியாடி?”

“என் வீட்டுக்கு நானே தட்டணுமா?”

அக்கா நடு அறையில், வீட்டு உடையில், காலில் பளபளக்கும் புது ஷூவோடு நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. அவள் சதை பிடித்து, முகம் நிறைந்து, அழகாக இருக்கிறாள் என்பதைப் பொடிசு அப்போதுதான் கவனித்தாள்.

“என்னக்கா இது?”

“தள்ளுபடியில போட்டிருந்தான். புதுசில்ல, கடிக்குது. வீட்டுக்குள்ள நடந்து பழக்கிட்டா சரியாயிடும். அடி நல்ல கெட்டி, பாரேன், ஈரத் தளத்துல கூட வழுக்…”

அக்கா நிறுத்திக்கொண்டாள்.

“வெளிய மழை வந்தா நல்லதுதானே,” என்று முடித்தாள்.

“நல்லதுதான்,” என்றாள் பொடிசு.

முடி, கோட்டு, பொத்தான், பாட்டு, அடுப்பு, குழாய். இத்தனையையும் அவள் பார்த்துத்தான் இருந்தாள். பார்த்து, ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டைக் கட்டி, கடைசித் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாள். வெயிலுக்கு. சும்மா. கை அரித்தது. வழி தவறி வந்தது. ‘நான் போய்த்தான் ஆகணும், வேற வழியில்ல’ என்று சொன்ன அக்காவும், ஷூவைப் போட்டுக்கொண்டு தனியாகச் சிரிக்கிற இந்த அக்காவும் இரண்டு பேர் இல்லை. தனக்கு வேலை நிலைத்துவிட்டால் இந்த ஷூ பேசாமல் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். அக்கா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். மெல்ல மெல்ல, இந்த வீட்டுக்குள், யாருக்கும் தெரியாமல், அவள் வேறு ஏதோ நிறமாக மாறுவாள்.

“சாப்பிட்டியா?” என்றாள் அக்கா.

“இல்ல.”

“கை கழுவிட்டு வா. ஏன் இப்படி முறைச்சுப் பார்க்கற? நான் என்ன உன் கிளியா?”

*

மறுநாள் காலை பிரிவுத் தலைவி வந்தபோது, நீண்ட மேசைமேல் இரண்டு தட்டுகளையும் கவிழ்க்காத குறையாக வைத்துக்கொண்டு, பொடிசு எல்லாக் கிளிகளையும் ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எதைப் பேசுவதற்கு முன்னும் தலைவி ஒரு மூச்சை இழுத்து விடுவார். அந்த மூச்சின் நீளத்தை வைத்தே செய்தி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம் என்பார் பஞ்சு.

“நாளன்னிக்கு குழு வருது. நீ என்ன பண்ணிட்டிருக்க?”

“சேர்க்கறேன் மேடம். ரெண்டும் ஒண்ணுதான்.”

அவள் காட்டினாள். துடைத்தாள். பஞ்சைக் கொடுத்தாள். தலைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பஞ்சை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நீளமான மூச்சு வந்தது, பஞ்சு அண்ணன் இதுவரை கேட்டிராத நீளத்தில்.

“நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரியும் மேடம்.”

“குழுவுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“ம்.”

“இவ்வளவு பொறுமையா, இவ்வளவு அழகா ஒரு தப்பைப் பண்ணி, அதைத் தானே கண்டுபிடிச்ச ஆளை நான் பார்த்ததில்ல.” இன்னொரு மூச்சு, இந்த முறை குட்டையாக. “இதை எழுது. கிளம்பற கிளி ஏன் ஆரஞ்சாகுதுன்னு எழுது. ஆனா புது இனம் இல்லாம நான் உன்னை வச்சுக்க முடியாது. அது என் கையில இல்ல.”

“தெரியும் மேடம்.”

தலைவி போன பிறகு பஞ்சு வந்து வரிசையைப் பார்த்தார். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து, ஒரு மாலை வானத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியதுபோல இருந்தது.

“ஒரே குடும்பம்,” என்றார். “எல்லாம் ஒரே நெத்தி.”

பொடிசு அக்காவின் கிளியை எடுத்து, சீட்டில் இருந்த ‘வழி தவறி வந்தது’ என்பதை அடித்தாள். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று யோசித்தாள். எழுதவில்லை. சட்டென்று எழுந்து படகுத்துறைக்குக் கிளம்பினாள்.

*

கண்ணாடி அறைக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. பொடிசு கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கொழுப்பு, கறை, பஞ்சு, பெருமூச்சு. ஷூவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அக்கா மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணில் தீப்பொறி.

“உன்னை யாருடி துடைச்சுப் பார்க்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“கையை வச்சுட்டுச் சும்மா இருக்க முடியாதா உனக்கு? சின்ன வயசுலயும் இப்படித்தான். காயம் ஆறிட்டு வரும், இவ பொருக்கைப் பிச்சுப் பார்ப்பா. சரி, துடைச்ச, பார்த்த. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல? நான் இங்கயே இருந்திருப்பேன்ல?”

“இருந்திருப்ப.”

“அப்புறம் என்ன?”

“அதான் சொல்லிட்டேன்.”

அக்காவுக்கு அது உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் தன் கால்களை நாற்காலிக்கடியில் மெல்ல இழுத்துக்கொண்டாள். ஆனால் அறை முழுக்கக் கண்ணாடி. ஒளித்து வைக்க இடமில்லை. புது ஷூவின் மூக்கு வெளியே தெரிந்தது. ஓரத்தில் இப்போதே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. நன்றாகப் பழக்கியிருந்தாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

“நேத்திலேர்ந்து. இல்ல, முன்னாடியே தெரியும். தட்டு மாத்தி வச்சிருந்தேன்.”

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வானம் இரண்டாக இருந்தது, ஒன்று மேலே, ஒன்று சுவரில். புல்வெளிப் பக்கமிருந்து ஒரு பச்சைத் துகள் கூட்டம் எழும்பி, சுவரில் இருந்த வானத்தைப் பார்த்து வந்து, கடைசி நொடியில் வளைந்து, உண்மையான வானத்துக்குள் போய்க் கரைந்தது. ஓரங்களில் கரைந்து மறையும், என்று பொடிசின் மனசுக்குள் அந்த வரி தானாக ஓடியது. கீழே வரிசையில் நின்றவர்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். அறிவிப்பு வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

“போகட்டுமான்னு உன்கிட்ட கேட்கணும்னு எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன்டி,” என்றாள் அக்கா. “ஊருக்கெல்லாம் சொல்றேன். உன்கிட்ட மட்டும் வரல.”

“தெரியும்கா.”

“தெரியும் தெரியும்ங்கறியே, அழறியா சிரிக்கறியான்னு எனக்குத் தெரியலயே.”

பொடிசுக்கும் தெரியவில்லை. அவள் கையை நீட்டி, அக்காவின் தோளைத் தாண்டி, மேசைமேல் இருந்த மைக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நீ ஏறிப் போற அன்னிக்கு இந்த நாற்காலியில வேற யாரோதான் உட்கார்ந்திருப்பாங்க. வேற குரல்ல சொல்லுவாங்க. அந்தக் குரல் எனக்கு வேணாம்கா. இப்பவே, ஒரே ஒரு தடவை, எனக்கு மட்டும் நீயே சொல்லிடேன், உன் கப்பல் கிளம்புதுன்னு.”